பத்தொன்பதில் மூன்று

அன்பு மகளுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. நீ அங்கே குளிரில் நடுங்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் சுகம். அப்பாவும் இப்போது சுகம். அந்த ‘இப்போது’ எப்படி வந்தது என்று சொல்கிறேன், பதறாமல் படி.

போன மாதம் நீ அழாத குறையாகப் போனில் சொன்னது மனதிலேயே கிடக்கிறது. பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று பத்தொன்பது விண்மீன் திரள்களை வைத்து அளந்தாய், எழுபத்துமூன்று என்று ஒரு எண் வந்தது. ஆதியிலிருந்து வரும் பழைய ஒளியை வைத்துப் பொதுச் சார்பியல்படி கணக்குப் போட்டவர்களுக்கு அறுபத்தேழு. மூன்று திரள்களை எடுத்துவிட்டால் உன் எண் இறங்கி அவர்கள் பக்கம் போய்விடும், உன் மேலதிகாரிக்கும் அதுதான் விருப்பம், வேலையும் இரண்டு வருடம் நீளும் என்றாய். அந்த மூன்றிலும் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன், எவ்வளவு தேடியும் ஒன்றும் தெரியவில்லை என்றாய். அதைக் கேட்ட பிறகும், “கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன் கண்ணு, மூணுதானே” என்று சொன்னேன் பார், அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எனக்குச் சமாதானம் சொல்லி வைத்துவிடுவாய்.

அப்பாவுடைய பிரஷரை உன் அண்ணன் வாங்கித் தந்த மெஷினில் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன் அல்லவா. காலையில் ஒழுங்காக இருக்கும், மாலையில் சில நாள் எகிறும். மாடிப்படி ஏறி வந்தார், செய்தி பார்த்துக் கத்தினார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்த எண்களை மட்டும் எழுதாமல் விட்டேன். பக்கம் பார்க்க அழகாக இருந்தது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, நல்ல கட்டுப்பாடு என்று மாத்திரையைப் பாதியாக்கினார். பத்தாம் நாள் சாயங்காலம் சலூன் நாற்காலியிலேயே அப்பாவுக்குப் பிரஷர் ஏறித் தலை சுற்றிவிட்டது. சவரக்காரர்தான் பெஞ்சில் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு கன்னம் வழித்து, ஒரு கன்னம் தாடியோடு கட்டிலில் கிடந்துகொண்டு, பாதிக் காசுதான் தருவேன் என்று அவரிடம் வம்பு பண்ணினார் உன் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப்போன எண்களை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், “எழுதாத எண்ணை நான் எப்படிம்மா பார்க்கிறது? மெஷின் தப்பா, உடம்பு தப்பான்னு சொல்லத்தானே நான் இருக்கேன்” என்றார், அவ்வளவுதான். காலை மாத்திரையின் வேகம் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறதாம். நான் மறைத்த எண்களில்தான் அந்தச் சேதி இருந்திருக்கிறது. இப்போது மாத்திரையை இருவேளையாக்கியதில், மாலையிலும் பிரஷர் ஒழுங்காக இருக்கிறது.

நீ விட்டுப்போன பொதுச் சார்பியல் புத்தகத்தை அகராதியோடு தினம் இரண்டு பக்கம் படிக்கிறேன். புதன் கிரகத்தின் பாதை, சூரியன் பக்கத்தில் வளையும் ஒளி, செயற்கைக்கோளில் வேகமாக ஓடும் கடிகாரம் என்று நூறு வருடத்துக்கு மேலாக வைத்த பரீட்சையில் எல்லாம் தேறிய கொள்கையாமே அது. ஆனாலும் திரள்களைக் கட்டிப் பிடிக்கும் கண்ணுக்குத் தெரியாத பொருள் எது, விரிவை வேகப்படுத்துவது எது, கருந்துளையின் நடுவில் என்ன என்று கேட்டால் பதில் இல்லையாம். அங்கேதான் சாமி இருக்கிறார் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு நீ என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? “தெரியாத இடத்துல எல்லாம் சாமியை உட்கார வெச்சா, தெரிஞ்சதும் அவரை எங்கம்மா எழுப்பிவிடுவே?” அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லியே கும்பிடுகிறேன், அதில் ஒரு குறையும் இல்லை.

உன் எழுபத்துமூன்று தப்பாகவே இருக்கலாம், நீ கண்டுபிடிக்காத குறை எங்காவது ஒளிந்திருக்கலாம். அந்த அறுபத்தேழிலும் இருக்கலாம். கொள்கையிலேயே ஒரு இடம் இடிக்கலாம். அந்த மூன்று திரள்களையும் எடுத்துவிட்டால், தப்பு எதில் என்று பார்க்க வருகிறவருக்கு வழியே இல்லாமல் போய்விடும். பத்தொன்பதையும் போட்டு, இந்த வித்தியாசம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வேலை நீளாவிட்டால் மலைத்துப் போகாதே, வேறு இடம் பார்க்கலாம். அதுவரை இங்கே வந்து இரு. உன் அறையில் அப்பா அடுக்கியிருந்த பழைய பேப்பரை எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று, மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசிக்குள் கட்டுரை போக வேண்டும் என்றாயே, அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். சாமி உனக்கு நல்ல கண்ணும் கலங்காத மனசும் கொடுக்கட்டும். காலில் உறை போட்டுக்கொள், சாப்பிடாமல் காபியாகக் குடிக்காதே. கட்டுரையை அனுப்பியதும் போன் பண்ணு. எண் என்ன என்று கேட்க மாட்டேன். எத்தனை திரள் என்று மட்டும் கேட்பேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா