காட்டக் கூடாத சீட்டு

29 ஜூன் 2018

என் செல்ல மகள் எம்னாவுக்கு,

அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. அந்தக் குளிர் ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகத்தில் ஊரார் கடிதத்தை எடை போட்டவன் தன் மகளுக்கு ஒன்று எழுதக் கூடாதா? உண்மையைச் சொன்னால், போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

அம்மா நகரசபைத் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டு குறைந்து தோற்றாள் என்று உனக்குத் தெரியும். அந்த ஓட்டு யாருடையது என்று தெரியாது. என்னுடையது, மகளே.

எப்படிப் பாடுபட்டாள் தெரியுமா? வெயில் பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள், மழை வந்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வருவதை நிறுத்துவேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். இந்தத் தெருவில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டதே நான்தான், மருத்துவச்சிக்குப் போடாமல் யாருக்குப் போடுவார்கள் என்று சிரிப்பாள். தேர்தல் அன்று சவரம் செய்து, உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். விரலில் நீல மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், மறைப்புக்குள் போய் அவள் பேர் இருந்த வேட்பாளர் பட்டியலுக்கு நேராகக் குறி போட்டேன். அதுவரை எல்லாம் சரி. வெளியே வந்தவன் சீட்டை மடிக்காமல், விரித்தபடியே தூக்கி, மேசையில் இருந்த அதிகாரிப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அந்தப் பெண் பதறிப்போய், "ஐயா, மடிங்க, காட்டக் கூடாது!" என்றாள். அதற்குள் அறையில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சீட்டை வாங்கிச் செல்லாது என்று வைத்துவிட்டார்கள், வேறு சீட்டும் தரவில்லை. சட்டம் அப்படி, அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் காட்டினேன் என்று உனக்கு மட்டும்தான் புரியும். அந்தச் சர்வாதிகாரி காலத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் சீட்டு இருந்ததே, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் ஆளுங்கட்சியின் சிவப்பை உறையில் போட்டுவிட்டு, மிச்ச நிறங்களைச் சட்டைப் பையில் கொண்டுவந்து மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் மேசையில் பரப்பிக் காட்டுவோம். அதைக் காட்டாதவனுக்கு அந்த வருஷம் எங்காவது பாலைவனத்துப் பக்கம் மாற்றல் வரும். உனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது என் பையிலிருந்து மஞ்சளையும் பச்சையையும் எடுத்து வைத்துக்கொண்டு, "யாருக்குப் பயப்படுறீங்க பாபா?" என்று கேட்டாய். நான் கத்தி உன்னை அறைக்குள் விரட்டினேன். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. ஆட்சி போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது, என் கைக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் நீல விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முடிவு வந்தது. ஒரு ஓட்டு என்றதும் அவளுக்குப் பக்கத்து வீட்டு ஸக்கியா மேல் சந்தேகம், ஸக்கியாவுடைய தங்கை மகன் எதிர்ப் பட்டியலில் நின்றான் அல்லவா. ஸக்கியா குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள், அம்மா நம்பவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பதினொரு நாள். வெட்கமாக இருக்கிறது எம்னா, இன்னொருத்தி தலையில் பழி விழ, நான் சும்மா இருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் அந்தக் காலத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் நோன்பு அன்று, வருஷா வருஷம் போல, சுவருக்கு மேலே ஸக்கியாவின் சூப்புக் கிண்ணம் வந்தது. அம்மா மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி நீட்டினாள். அந்தப் பக்கத்தில் ஸக்கியா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அழுதது கேட்டது. நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தைத் தட்டிலேயே வைத்தேன். எழுந்து போய்ச் சுவரோரம் நின்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு, "கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்துல நாலு பேர் பார்க்க என் பக்கம்னு ஒருதரம் காட்டுனீங்க, அதையும் காட்டக் கூடாத இடத்துலயா காட்டணும்?" என்றாள். ஸக்கியா அழுகையோடு சிரித்துவிட்டாள். கிண்ணம் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. சூப் ஆறிப்போயிருந்தது, வழித்துக் குடித்தோம். ஆனாலும் அம்மா மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அது நியாயம்தான்.

இங்கே தேர்தல் நடந்த அதே ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளாருஸ் ஊர்ச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் நின்று, சட்டம் வேண்டும் வேண்டாம் என்று பகிரங்கமாகக் கை தூக்கினார்கள் என்று படம் அனுப்பியிருந்தாய். எனக்கு முதலில் கோபம் வந்தது, அங்கே எல்லாரும் காட்டுகிறார்கள், நான் காட்டினால் குற்றமா என்று. அப்புறம்தான் உறைத்தது. அங்கே யார் கை தூக்கினார்கள் என்று பட்டியல் எழுத ஒரு மேலாளர் நிற்கவில்லை.

நேற்று புது சபையின் முதல் கூட்டம். யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். அம்மா என்னையும் ஸக்கியாவையும் இழுத்துக்கொண்டு போனாள். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டபோது அம்மா எழுவாள் என்று பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கையைத் தூக்கினேன். எங்கள் தெருத் தண்ணீர் என்று ஆரம்பித்ததும் எழுத்தர் நிமிர்ந்து பேர் என்ன என்று கேட்டுப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் பழைய மேலாளர் மேசைதான் நினைவுக்கு வந்தது மகளே, பொய் சொல்ல மாட்டேன். திஜானி என்று சொன்னேன். என் அப்பா பேரையும், வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

யாருக்குப் பயம் என்று அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. மன்னித்துவிடு.

அல்லாஹ் உன் கைக்கும் காலுக்கும் பலம் தரட்டும், உன் வீட்டுக்காரரையும் நல்லபடி வைக்கட்டும். ஸக்கியா உனக்கு மிளகாய் விழுது அனுப்பியிருக்கிறாள், சுங்கத்தில் கேட்டால் மறைக்காதே. பேர் கேட்டால் முழுசாகச் சொல்.

உன் பாபா,
திஜானி