அணைந்த நேரங்கள்

ஜூன் 4, புதன்

மிஷின் பார்க்க வந்த ஏகாம்பரம் சொன்னதால் எழுதுகிறேன். பரத்தின் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறது. ஒரு நாள் நன்றாக ஓடும், ஒரு நாள் வேலை நடுவில் பொசுக்கென்று போய்விடும். "எந்த நேரத்துல அணையுது, அப்ப ஊட்ல இன்னா நடந்துச்சு, ஒண்ணு வுடாம எழுதி வையிக்கா. அதான் எனக்குத் துப்பு" என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவள். இருந்தாலும் எழுதுகிறேன். என் பிள்ளை லாரியில் அடிபட்டுப் போய் எட்டு மாசம். அவன் மிஷினும் போகக் கூடாது.

இப்போது அதில் வேலை செய்வது அவன் பெண்டாட்டி சிம்ரன். கோயம்புத்தூர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. இந்த மாசத்துக்குள் மிஷின் சரியாகாவிட்டால் கிளம்பி அங்கேயே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்களாம். அவள் போய்விட்டால் இந்தக் கள்ளிக்குப்பம் வீட்டில் நான் ஒருத்திதான்.

சொல்லிவிட்டார்களாம் — யார் கண்டது?

ஜூன் 5, வியாழன்

அணையவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் விளக்கேற்றி, பரத் படத்துக்குச் சந்தனம் வைத்தேன். எல்லா வெள்ளியும்போல மிஷின் பட்டனுக்கும் ஒரு பொட்டு. தினமும் அவன் விரல் பட்ட இடம்.

பதினொன்று பத்துக்கு அணைந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். "போச்சு அத்த, மறுபடியும் போச்சு!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அதற்குள் போனில் பேசுகிறாள், பட்டாபிராமில் இருக்கிற அவள் அம்மாவிடம். "நான் போறதுதாம்மா நல்லது."

பிளக் அவள் காலடியில்தான் இருக்கிறது. பெருவிரலால் ஒரு தள்ளு போதும்.

ஜூன் 7, சனி

இரண்டு தடவை. ஒன்பதரை, மூன்றே கால்.

ஏகாம்பரம் வந்தார். கரண்ட் கொடுக்கிற டப்பாவைக் கழற்றி வைத்தார். எஸ்எம்பிஎஸ் என்று பேராம். வேறொன்று மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கணுமாம். பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டதை அடித்துக்கொண்டு போகிற ஆளோ? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த டப்பாவிலும், உள்ளே இருந்த சாமான் ஒவ்வொன்றிலும் சிம்ரனுடைய நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மாற்றினால் தெரியுமே. எட்டு மாசமாய்த் திறக்காத குப்பி, கெட்டியாகிக் கிடந்தது. ஈர்க்குச்சியால் தொட்டுத்தான் வைக்க முடிந்தது.

திரும்பி வந்து பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாக்கா, ராமுக்கெல்லாம் பொட்டு வெச்சிகீறே? ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு மாசம் கீதே!" ராம் என்றால் மிஷின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற பட்டையாம். சிம்ரனும் சிரித்துவிட்டாள். எட்டு மாசத்தில் முதல் தடவை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே.

ஜூன் 9, திங்கள்

அணையவில்லை.

ஜூன் 11, புதன்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. டப்பா மாற்றியதால்தான் என்கிறார் ஏகாம்பரம், போனில். நான் பின்னாலேயே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்கிறேனே, அதனால்தான். அவள் காலை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை.

ஜூன் 13, வெள்ளி

விளக்கு, சந்தனம் எல்லாம் முடித்துவிட்டு அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். பத்து நாற்பது. அணைந்துவிட்டது.

இரண்டு கையும் கீபோர்டு மேல். காலை நாற்காலியிலேயே மடக்கி வைத்திருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். அவள் இல்லை. அப்போ யாரு?

திரும்பினாள். "இன்னாத்த, ஒரு வாரமா என் கால வேவு பாக்குறியா?"

"ஆமா, பாக்குறேன். கோயம்புத்தூர் ஓட நீ சாக்கு தேடுறது எனக்குத் தெரியாதா?"

"நானா ஓடுறேன்? உம்புள்ள மிஷின நான் தொடறது உனக்குப் புடிக்கல. நீதான் இன்னாவோ பண்ற."

இன்னா வார்த்தை அது. நானா? எம்புள்ள சாமானை நானே கெடுப்பேனா? எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?

ஜூன் 14, சனி

மூணு தடவை. நேரம் எழுதத் தோன்றவில்லை.

பரணிலிருந்து சூட்கேஸை இறக்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு டிக்கெட்.

ஜூன் 16, திங்கள்

ஏகாம்பரம் வந்தார். டப்பா மாற்றியும் நிற்கவில்லை. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினார், அதிலும் கோளாறு இல்லை என்றார். நோட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை. சிம்ரனைப் பற்றி என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறேனே. நானே தேதியை மட்டும் படித்தேன்.

"நில்லுக்கா. வெள்ளி, சனி. மறுபடியும் வெள்ளி, சனி. வெள்ளிக்கெழம ஊட்ல இன்னா பண்றே?"

"வெளக்கேத்துவேன்" என்றேன். அடுத்த வரியும் நோட்டில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை.

அவர் முன்பக்க மூடியைக் கழற்றினார். பட்டனைச் சுற்றி மஞ்சளாக, காரை மாதிரி கட்டிக் கிடந்தது.

"சந்தனம்கா. ஈரத்துல பட்டன் அரைகுறையா ஒட்டிகினு நிக்குது. எப்ப வேணா உள்ள போய்த் தொட்டுரும். யாரோ அணைக்கத்தான் அழுத்திப் புடிச்சிகினு கீறாங்கன்னு மிஷின் அணைஞ்சிரும். காஞ்சி உதுந்தா சரியாப்பூடும். ஆனா பட்டன் ஒரு பக்கமா சாஞ்சும் கீதே. யாரு இத ஓரத்துலயே அழுத்தறது?"

சிம்ரன்தான் பேசினாள்.

"நான்தாண்ணே. நடுவுல அழுத்துனா பொட்டு கலைஞ்சிடும்."

எட்டு மாசமாகவா? தினமுமா?

புதுப் பட்டன் போட்டார். பழைய டப்பாவையும் கொண்டு வந்து மாட்டினார். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவும் கூசியது.

ஜூன் 17, செவ்வாய்

அணையவில்லை. அவளிடம் என்ன சொல்வது? அவளுக்குப் பிடிக்கும் என்று அவரைக்காய்ப் பொரியல் செய்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

விளக்கேற்றினேன். சந்தனக் கிண்ணத்தோடு மிஷின் பக்கம் போன கால் நின்றுவிட்டது. திரும்பி வந்தால், பரத் படத்தின் அடியில் அந்தப் பழைய பட்டன். சுரண்டாமல், கட்டின மஞ்சளோடு அப்படியே. நான் வைக்கவில்லை.

அதற்குப் பொட்டு வைத்தேன்.

காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஓடியது. அணையவில்லை. வேலையை முடித்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"அத்த, வந்து ஸ்டூலைப் புடி. ஆடுது."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே ஏறி, சூட்கேஸைப் பரணில் தள்ளினாள்.