சர்க்கரை சேர்க்காத வாரம்

ரொசாரியோ, ஆகஸ்ட் 1984

அன்புள்ள நெலிடா,

நீ போய் ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். மெண்டோசாவில் மருந்துக்கடை வேலை உனக்குப் பிடித்திருக்கிறதாம். உன் அக்கா சொன்னாள். நான் நம்பவில்லை.

எலியின் கல்லீரல் செல்களுக்கு நீ இன்சுலின் கொடுத்துப் பார்த்த வாரம் நினைவிருக்கும். நாம் எதிர்பார்த்த மரபணு விழிக்கவே இல்லை. நம் ஆய்வகத் தலைவர் டாக்டர் இட்டுரால்டே எல்லார் முன்னாலும் கத்தினார்: "ஹார்மோனை வெயில்ல வச்சுக் கெடுத்துட்டியே! இந்தக் கையை வச்சுக்கிட்டு எம்பனாடாகூட சுட முடியாதும்மா!" நீ என்னைப் பார்த்தாய். நான் மாத்தே தேநீர்க் குவளையைப் பிடித்தபடி தரையைப் பார்த்தேன்.

நீ எதையும் கெடுக்கவில்லை. செல்கள் வளரும் திரவத்தைத் தயாரித்தவள் நான். அந்த வாரம் அதில் குளுக்கோஸ் சேர்க்க மறந்திருந்தேன். அவர் கத்திய அன்று மாலையே அது எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்.

போன மாதம் தனியாகச் செய்து பார்த்தேன். சர்க்கரை மட்டும் கொடுத்தால் மரபணு தூங்குகிறது. இன்சுலின் மட்டும் கொடுத்தாலும் தூங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விழிக்கிறது. அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், இதை நாம் சேர்ந்தே கண்டுபிடித்திருப்போம்.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே ஏம்மா சொல்லலை?" என்றார். அதற்கான பதிலை உனக்குச் சொல்கிறேன்: உன்னை அனுப்பாவிட்டால் என்னை அனுப்பிவிடுவார் என்று பயந்தேன்.

"அவளைத் திரும்பக் கூப்பிடு" என்கிறார். எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? இந்தச் சோதனை பற்றி எழுதிய கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் முதலில் இருக்கிறது. அதன் கீழே என் பெயர் இருக்கலாமா என்று பார்த்து, வேண்டாமென்றால் அடித்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி