பாக்கியமேரிக்காக ஒரு பூசை

6 அக்டோபர் 2024, ஞாயிறு

இன்றும் அவளைக் கொல்ல முடியவில்லை.

கடைசி அத்தியாயம். மழை. காவிரிப் பாலம். பாக்கியமேரி கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறாள். போன மாதத்திலிருந்து அங்கேயேதான் நிற்கிறாள். குதிக்கவும் மாட்டேன் என்கிறாள், இறங்கவும் மாட்டேன் என்கிறாள்.

இந்த நாவலை எதற்காகத் தொடங்கினேன் என்று எனக்கே ஒரு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலப்புதூரில் எங்கள் தெருமுனையில் ஒரு மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. 1988இல் அந்த வீட்டு மருமகளை மாடி அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு நாள் அவளைக் காணோம். காவிரியில் விழுந்துவிட்டாள் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. பேய் பிடித்தவள் அதன் பிறகு பேயாகவே ஆகிவிட்டாள். கல்யாண வெள்ளைச் சேலையில், தலையில் நெட் துணி முக்காட்டுடன் மாடி ஜன்னலில் நிற்பாளாம். ஸ்கூலுக்குப் போகும்போது பிள்ளைகள் எல்லாரும் அந்த ஜன்னலைப் பார்க்காமல் ஓடுவார்கள். நான் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

பேயாவதற்கு முன்னால் அவள் என்னவாக இருந்தாள்? பி.ஏ. படிக்கும்போது வந்த கேள்வி. எம்.ஏ. முடித்தாயிற்று, கெஸ்ட் லெக்சரர் ஆயிற்று. கேள்வி போகவில்லை. மூன்று வருஷமாக எழுதுகிறேன்.

9 அக்டோபர், புதன்

ஸ்ம்ருதி முந்தைய அத்தியாயத்தைப் படித்துவிட்டாள். காலேஜ் தோழி, ஸ்ரீரங்கத்துக்காரி, இப்போது தில்லை நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாள். என் ஒரே வாசகி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன்.

"உன் ஹீரோயின் ஒரு தடவையாவது பசிக்கறதுன்னு சொல்றாளாடீ? எப்பப் பாத்தாலும் ஜன்னல் கம்பியப் பிடிச்சுண்டு நிக்கறா."

கோபம் வந்தது. அவள் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டாள்.

14 அக்டோபர், திங்கள்

அம்மாவுக்கு இந்த நாவல் பிடிக்காது. செத்தவள் பேரை நிஜமாகவே போட்டு எழுதுகிறேன் என்று பயம். இன்றைக்குத் துணி மடிக்கும்போது அவளாகவே ஒன்று சொன்னாள்.

பாக்கியமேரியின் அப்பா சவரிராயன் எங்கள் பங்குக் கோவிலில் தினமும் காலைப் பூசைக்கு வருவாராம். 2009இல் சாகும்வரை. செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு மனைவியின் ஆன்மா இளைப்பாற அவள் பேரில் பூசை கொடுப்பார், தாய் தகப்பன் பேரில் கொடுப்பார். மகள் பேரில் மட்டும் கொடுத்ததே இல்லை. பங்குச்சாமியே கூப்பிட்டுக் கேட்டாராம். "வேண்டாம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். தற்கொலை என்ற வெட்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்றாள்.

அப்படியானால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளுக்காக ஒரு பூசை கொடுக்கவில்லை. நான் பெரிய பக்தை இல்லை. அம்மாவுக்காகத்தான் ஞாயிறு கோவிலுக்குப் போகிறேன். இருந்தாலும் —

15 அக்டோபர்

சவரிராயனை நாவலில் வில்லன் ஆக்கிவிட்டேன். எளிதாக இருந்தது.

25 அக்டோபர், வெள்ளி

கல்லறைத் திருநாள் பூசைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். பெயர் எழுதிக்கொண்ட கோவில்பிள்ளை சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

31 அக்டோபர், தீபாவளி

ஸ்ம்ருதி வீட்டிலிருந்து மைசூர்பாகு. எழுதவில்லை.

2 நவம்பர், சனி

நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்தி, மெழுகுவர்த்தி. தீபாவளி வெடிப்புகை இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்மா தாத்தா கல்லறையின் பக்கத்தில் நின்றாள். கூட்டம் அதிகம் என்பதால் நான் ஓரமாக நின்றேன். பூசைக்கு முன்னால் மைக்கில் பெயர்கள் வாசித்தார்கள். நீளமாகப் போனது. பிறகு வந்தது:

"சவரிராயன் மகள், மரித்த பாக்கியமேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், பெலிண்டா பிராங்க்ளின்."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, நரைத்த தலையில் முக்காடு, பருத்திச் சேலை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். கல்லறையில் சிரிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

பூசை முடிந்து கூட்டம் கலையும்போது அவர் ஒருவரிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் என்னைக் கைகாட்டினார். நேராக வந்தார்.

"நீதான் பெலிண்டாவா?"

"ஆமாங்க."

"எனக்கு எதுக்கும்மா பூசை குடுத்தே?"

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, கணக்கு சொல்லித் தருவது மாதிரி நிதானமாகச் சொன்னார்: "நான்தான் பாக்கியமேரி."

நான் அவர் கால்களைப் பார்த்தேன். எம்.ஏ. படித்தவள், கெஸ்ட் லெக்சரர், பேய்களைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவள் — குனிந்து கால்களைத்தான் பார்த்தேன்.

அவர் கவனித்துவிட்டார். "இருக்கு, இருக்கு. மூட்டுவலியோட இருக்கு."

இங்கே யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கம் வந்து மேரி மிஸ் வீடு என்று கேட்டால் சொல்வார்கள் என்றார். அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். நான் நாவல் விஷயத்தை உளறிக் கொட்டினேன். எழுதியதையும் கொண்டு வா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்ப நான் மூணு வருஷமா யார எழுதிட்டிருந்தேன்? யாரு அந்தப் பாலத்துல நிக்கிறது?

3 நவம்பர், ஞாயிறு

ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். ஸ்ம்ருதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனில் சொன்னேன். மேரி மிஸ் என்றதும் குறுக்கே பாய்ந்தாள்.

"எனக்குப் பத்தாவதுல கணக்கு புரிய வெச்சதே அவாதாண்டீ. தப்புப் போட்டா ஸ்கேலால முட்டியில தட்டுவா. அவாளையா நீ ஜன்னல்ல நிக்க வெச்சே?"

பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். நானும்.

4 நவம்பர்

பூசை கொடுத்த பிறகு மனசு லேசாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இருக்கிறது என்றேன். ஓர் ஆத்துமா கரையேறியது என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

10 நவம்பர், ஞாயிறு

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். ஒரு சின்ன போர்ஷன். வாசலில் பிள்ளைகளின் செருப்புகள், உள்ளே கரும்பலகை. ட்யூஷன் முடியும்வரை என்னையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

பிறகு சொன்னார். அவருக்கு இருந்தது வலிப்பு. புருஷன் வீட்டில் அதைப் பேய் என்று முடிவு கட்டினார்கள். ஜெபக் கூட்டங்களுக்கு இழுத்துப் போனார்கள், பலிக்கவில்லை என்றதும் மாடியில் பூட்டினார்கள். அதுவரை என் நாவல் சரி. அதற்குப் பிறகு எல்லாமே தப்பு.

மழை இல்லை. கம்பியை அறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வீடே தூங்கிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துப் போன நாத்தனார் கதவைப் பூட்ட மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

"திறந்த கதவப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் கட்டில்ல உக்காந்திருந்தேன். திறந்திருக்குன்னு நம்பறதுக்கே நேரமாயிருச்சு."

படியில் இறங்கி, ஹாலில் பாயில் தூங்கிய மாமியாரைச் சுற்றி நடந்து, ரோட்டுக்கு வந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினார். பஸ் ஸ்ரீரங்கத்தில் நின்றுவிட்டதால் ஸ்ரீரங்கத்தில் இறங்கினார். மறுநாள் காலை அப்பாவின் கடைக்குப் போன் போட்டார். சவரிராயன் வந்தார். ஒரு ரூம் பார்த்து வைத்தார், நல்ல டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரையில் வலிப்பு கட்டுப்பட்டது. இவர் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அப்பா ஊருக்குத் திரும்பியபோது அங்கே காவிரிக் கதை பரவியிருந்தது. மருமகள் ஓடிப்போனாள் என்பதைவிட அவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது.

"அப்பா பொய்யே சொல்லல. உன் பொண்ணு செத்துட்டாளான்னு யாரும் அவரக் கேக்கல. துக்கம் விசாரிச்சாங்க. பேசாம இருந்தாரு."

நான் பூசையைப் பற்றிக் கேட்டேன்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படிம்மா குடுப்பாரு? ஊருக்கு முன்னாடி சும்மா இருந்திடலாம், பீடத்துக்கு முன்னாடி பொய் சொல்ல முடியாதுன்னுட்டாரு."

அந்த மனிதனைத்தான் நான் வில்லன் ஆக்கியிருந்தேன்.

அப்பா மாதா மாதம் வருவாராம், கடைசிவரை. ஜன்னலில் பேய் நிற்கிறது என்ற செய்தியை முதலில் கொண்டு வந்ததும் அவர்தான். இருவரும் சிரித்திருக்கிறார்கள். "செத்தவள யாரு தேடி வருவா? அந்தப் பேய்தான் எனக்குக் காவல் இருந்துச்சு."

வருஷத்துக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாள் கூட்டத்தில் மட்டும், முக்காடு போட்டுக்கொண்டு அம்மா அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார். இந்த வருஷம் தன் பெயரே காதில் விழுந்திருக்கிறது.

பிறகு சிரிப்பு போய்விட்டது. புருஷன் மனைவியை இழந்தவன் என்று சொல்லி மறுபடி கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். இப்போது அவனும் இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்களுடைய அம்மாவின் கல்யாணம் என்ன ஆவது? "அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சுங்க?"

என் நாவலில் நிஜப் பெயர் இருக்கிறது. தெரு இருக்கிறது. வீடு, ஜன்னலின் நிறம் உட்பட.

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நாவலின் காகிதக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணில் புரை, மெதுவாகத்தான் போகும் என்றார். வேண்டாம் என்று நான் சொன்னால் வேண்டாம், சரியா என்றார். சரி என்றேன்.

19 நவம்பர்

சரி என்று சொன்னேன். மனசாரச் சொன்னேனா? மூன்று வருஷம். வேறு எதையும் நான் எழுதியதில்லை. எழுத முடியும் என்றும் தெரியவில்லை.

அவர் வேண்டாம் என்றால் புத்தகமாகப் போட மாட்டேன். இதை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். ஆமாம். போட மாட்டேன்.

28 நவம்பர்

போன் இல்லை. கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இப்போது 'அவள்' என்று எழுத வரவில்லை. அவர். அவங்க.

8 டிசம்பர், ஞாயிறு

கூப்பிட்டார். போனேன்.

கட்டைத் திருப்பித் தந்தார். சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறார். சில பத்திகளுக்கு டிக். சிலவற்றுக்குப் பெருக்கல் குறி. மாடி அறையில் அவள் கண்ணாடியில் தன் முகத்தோடு பேசும் இடத்தில், ஓரத்தில், "கண்ணாடி ஏது?" அழும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, "இவ்வளவு வராது." சவரிராயன் அத்தியாயத்தில் ஒன்றுமே எழுதவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிழைக்குப் பிழை எண்ணி மார்க் போட்டால் என்ன வரும்?

"நல்லாத்தான் எழுதறே," என்றார். "ஆனா என்னப் பாத்து ரொம்பப் பரிதாபப்படறே. அது எதுக்கு?"

போடலாமா என்று கேட்டேன்.

"பேர மாத்து. தெருவ மாத்து, வீட்ட மாத்து. கதையில யாரும் கோயம்புத்தூர் போக வேணாம். அந்தப் பேய ஜன்னல்லயே விட்டுடு, எனக்கு நல்லது பண்ணுன பேயி. இவள மட்டும் படியில இறக்கி விட்டுடு. ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போகாத."

அப்பாவை என்ன செய்வது என்றேன். அவரைச் சும்மா இருக்க விடு, அதில் அவர் கெட்டிக்காரர் என்றார்.

பஸ் பாலத்தின் மேல் வரும்போது மூச்சு விட்டேன். உண்மையிலேயே. பக்கத்து சீட்டு அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பசிக்குதுங்க என்றேன்.

9 டிசம்பர்

பாலத்திலிருந்து அவளை இறக்கினேன். ஒரு அத்தியாயம் முழுவதும் டிலீட்.

10 ஜனவரி 2025, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்துக்குள் நுழைய முடியாது, வராதே என்று மிஸ் போன். ட்யூஷன் லீவாம், ரெண்டு நாளுக்கு நிம்மதியாம். நாள் முழுக்க எழுதினேன். மாமியார் பாயில் தூங்குகிறாள். மின்விசிறி ஓடுகிறது. திறந்த கதவு. இந்தப் பக்கங்களில் எதுவுமே நடப்பதில்லை. என் கை மட்டும் வியர்க்கிறது.

1 பிப்ரவரி

புது அத்தியாயத்தை ஸ்ம்ருதி ஆபீஸ் வாசலில் நின்றே படித்தாள். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, ஜலதோஷம் என்றாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

வியாழக்கிழமை மிஸ்ஸுக்குக் கண் ஆபரேஷன், தில்லை நகரில். நானும் ஸ்ம்ருதியும் கூடப் போனோம். இன்று மதியம் ஸ்ரீரங்கம் போனேன். ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு, படிக்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டு, காதாலேயே திருத்துகிறேன் என்றார்.

கட்டிலில் சாய்ந்துகொண்டார். நான் ட்யூஷன் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். கதவு திறந்திருக்கும் இடம் வந்தது. அவர் சிவப்புப் பேனாவைக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கறிக்குழம்பு வாசனை வரும் பத்திக்கு மட்டும் ம் என்றார். தொடர்ந்து வாசித்தேன். அவள் முதல் படியில் கால் வைக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், கீழே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டு நிற்கிறாள் —

நிமிர்ந்தேன். மிஸ் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை.

பக்கத்தை மடித்து வைத்தேன். அவள் இன்னும் பாதிப் படியில்தான் இருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. மின்விசிறியை ஒரு பாயிண்ட் குறைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல், வாசலில் வந்து உட்கார்ந்தேன்.