செத்தவீட்டில் ஊதிய கலியாணப் பாட்டு

என் நெஞ்சை விட்டுப் போகாத சவிரி அண்ணைக்கு,

உங்கள் தம்பி அந்தோனி எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், வேறு யாரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. எழுபத்தாறு வயதில் எழுதப் படித்திருக்கிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. அதற்கென்ன, கடலுக்குப் போவதை விட்ட பிறகு என்னிடம் காலைப்பொழுதுகள் நிறைய இருக்கின்றன.

மருமகள்தான் படிப்பித்தாள். நல்ல கண்டிப்பு. "மாமா, நேற்றையிலும் பார்க்க இண்டைக்குக் கோணலாக் கிடக்கு. திரும்ப எழுதுங்கோ" என்பாள். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை வாசிக்கிறேன். கடையில் பாண் சுற்றிவரும் தாளை வாசிக்கிறேன். சேமக்காலைக்குப் போய்க் கல்லறை கல்லறையாக நின்று வாசிக்கிறேன். உங்கள் கல்லறையில் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்த அன்று எனக்குப் பெரிய சந்தோசம், அண்ணை. அந்த இடத்தில் நின்று சந்தோசப்பட்டதற்கு மன்னியுங்கள்.

அந்தச் சந்தோசத்தோடுதான் வீட்டுக்கு வந்து உங்கள் கொப்பியைத் திறந்தேன். அன்றைக்குப் பிடித்தது கரைச்சல்.

கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்த காலத்தில், கேட்ட பாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த கொப்பி அது. கண் மூடுவதற்கு முதல் வாரம் என் கையில் தந்தீர்கள். ஏழு வருடமாக என் கிளாரினெற் பெட்டிக்குள் கிடந்தது. யாரிடமாவது கொடுத்து வாசித்துக் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

நடுப்பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "ஸ்கொட்லாந்துப் பாட்டு. எங்கள் பெரிய எஞ்சினியர் அக்கோடியனில் வாசித்தது. அவருடைய ஊரும் எங்களைப்போல மீன்பிடி ஊர். மணமக்கள் கோயிலை விட்டு வெளியே வரும்போது சனமெல்லாம் கைகோத்து ஆடுகிற பாட்டாம். தம்பிக்குப் பழக்கவேண்டும், அவனுடைய கலியாணத்துக்கு."

விரலை வைத்து நான்கு தரம் வாசித்தேன். நான் புதுசு, பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்து மருமகளைக் கூப்பிட்டு அவள் முன்னால் உரத்து வாசித்தேன். "ஒரு பிழையும் இல்லை மாமா, கெட்டிக்காரன்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? லீவில் வந்து நின்றபோது, கரையில் இழுத்து வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்து, மவுத் ஓர்கனில் அந்தப் பாட்டை எனக்குக் காட்டினீர்கள். நான் அப்போது கோயில் பாண்டில் கிளாரினெற் ஊதத் தொடங்கிய புதிது. எனக்கு எல்லாம் காதால் பிடிப்பதுதான். அதனால் துண்டு துண்டாக, மெல்ல மெல்ல வாசித்தீர்கள். "முதலிலை விரல் பழகட்டுமடா தம்பி. வேகம் பிறகு சொல்லித்தாறன்" என்றீர்கள். அடுத்த நாள் காலை கப்பலுக்கு வரச்சொல்லித் தந்தி வந்துவிட்டது. அந்தப் "பிறகு" வரவேயில்லை.

மெல்லப் பழகிய பாட்டை மெல்லவே ஊதினேன். அது என்னை என்ன செய்தது என்று எப்படிச் சொல்ல? மேலே ஒரு சுரத்தில் ஏறும். ஏறி நின்று கொஞ்சம் பார்க்கும். பிறகு மனமில்லாமல் இறங்கும். ஆரையோ படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குள் திரும்பிப் போக ஏலாமல் நிற்பதுபோல. இது துக்கப் பாட்டு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் அம்மா போய்விட்டா. உங்கள் கப்பல் எந்தக் கடலில் நின்றதோ தெரியாது. எங்கள் கோயில் பங்கில் வீட்டிலிருந்து சேமக்காலை வரைக்கும் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் நடக்கும் அல்லவா? நான் அந்தப் பாட்டை ஊதினேன். வீதி முழுக்க அழுதது. பெரிய மேளம் அடிக்கும் பிலிப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "எங்கையடா பிடிச்சனி உந்தப் பாட்டை? நெஞ்சைப் பிடிச்சுப் பிசையுது." "அண்ணை ஸ்கொட்லாந்திலையிருந்து கொண்டுவந்தது" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பங்கில் ஒரு பெட்டியும் வெளிக்கிடவில்லை. உயிரோடு இருக்கிறவர்களே வந்து சொல்லிவைத்தார்கள். "என்னைத் தூக்கேக்கை உந்தப் பாட்டைத்தான் ஊதவேணும் அந்தோனி. வேறை எதையும் ஊதி என்னைப் பேய்க்காட்டிப் போடாதை." ஐம்பது வருடம், அண்ணை. எத்தனை பேரை அந்தப் பாட்டோடு கொண்டுபோய் விட்டேன். உங்களையும்.

கப்பலால் திரும்பி வந்த கிழமை, ஒரு சவ ஊர்வலத்தில் அதை நான் ஊதிக்கொண்டு போக, நீங்கள் வேலிக்கரையில் நின்று பார்த்தீர்கள். கையால் வாயைப் பொத்தியிருந்தீர்கள், தோள் குலுங்கியது. அம்மாவுக்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு என் கலியாணத்துக்கு பாண்ட் வேறு எதையோ ஊதியது. அப்போதும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஏன் அண்ணை?

இதை எனக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் பேத்தி, மகளின் மகள் ஷாரன், ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து போன் எடுத்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கலியாணம் மட்டும் எங்கள் கோயிலில்தான் நடக்கவேண்டும் என்று நின்று சாதித்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை.

"தாத்தா, நாங்கள் கோயிலாலை வெளியிலை வரேக்கை நீங்கள் ஒரு பாட்டு ஊதவேணும்" என்றாள். போனில் ஒரு படம் ஓடவிட்டுக் காட்டினாள். பெரிய மண்டபம். கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள், பெண்கள், எல்லோரும் கைகோத்துச் சுற்றிச் சுற்றித் துள்ளுகிறார்கள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, அதே பாட்டு. அம்மாவைக் கொண்டுபோன பாட்டுக்கு அவர்கள் சிரித்துச் சிரித்து ஆடினார்கள். ஆனால் ஒரு உண்மையையும் எழுதவேண்டும். பார்த்துக்கொண்டிருக்க, என் கால் தன்பாட்டில் தாளம் போட்டது.

"உது உனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை ஆடுறனாங்கள் தாத்தா. ஆனா முதல் அம்மப்பாதான். நான் சின்னனிலை, ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை வாசிப்பார். இது உன்ரை கலியாணப் பாட்டு, பத்திரமா வைச்சிரு எண்டு சொன்னவர்."

நீங்கள் செய்த வேலையைப் பாருங்கள். எனக்குச் சொல்லாததைக் கடல் தாண்டிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

றோசலின் மச்சாளிடம் சொல்லாமல் இருக்கமுடியாது. உங்கள் மனைவியின் சம்மதம் இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடமுடியுமா? போனபோது கலியாணத்துக்குப் பயத்தம் பணியாரம் பிடித்துக்கொண்டிருந்தா. விசயத்தைச் சொன்னேன். கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது.

"உனக்கு விசரே அந்தோனி? ரெஜியைக் கொண்டுபோன பாட்டை என்ரை பேத்தியின்ரை கலியாணத்திலை ஊதப்போறியே? அப்பிடியெண்டால் நான் கோயில் பக்கமே வரமாட்டன்."

நியாயம்தானே. ரெஜிக்கு இருபத்திரண்டு வயது. வள்ளம் கவிழ்ந்து மூன்றாம் நாள்தான் கடல் உங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்தது. அன்றும் ஊதியது நான்தான். ஒரு தாயிடம் போய், உன் மகனை ஆட்டப்பாட்டோடு அனுப்பினோம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் மறைத்தால் ஷாரனுக்கு நீங்கள் சொன்ன சொல் பொய்யாகிவிடும். கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை மெல்ல வாசித்தேன்.

மச்சாள் கடைசி வரைக்கும் கேட்டா. "வடிவா வாசிக்கிறாய்" என்றா. பிறகு, "எனக்கு உது தெரியும்" என்றா.

"தெரியுமோ?"

"கப்பலாலை வந்த கிழமையே சொன்னவர். முதலிலை விழுந்து விழுந்து சிரிச்சவர், பிறகு அழுதவர். தம்பிக்குச் சொல்லட்டே எண்டு கேட்டார். நான்தான் வேண்டாமெண்டனான். தாயைச் சேமக்காலைக்குக் கொண்டுபோன பாட்டைப் பிழையெண்டு சொன்னால், அந்தப் பொடியன் பிறகு எதை வைச்சு அழுறது?"

"அப்ப ரெஜிக்கு?"

மச்சாள் அந்த உருண்டையைத் தட்டில் வைத்தா. "அண்டைக்கு உன்னட்டை ஆர் வந்து ஊதச் சொன்னது?"

நீங்கள்தான், அண்ணை. நீங்கள்தான் என் கையைப் பிடித்து, "அதையே ஊதடா" என்றீர்கள்.

"கலியாணம் காணாத பிள்ளை, கேட்டுக்கொண்டு போகட்டும் எண்டு எனக்குச் சொன்னவர்" என்றா மச்சாள். "வீதியெல்லாம் செத்தவீட்டுக்கு அழுதுது. நாங்கள் ரெண்டுபேரும் மட்டும் கலியாணத்துக்கு அழுதனாங்கள். அது என்ரை பிள்ளையின்ரை பாட்டு. இன்னொருத்தருக்கு எப்பிடித் தாறது?"

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வரும்போது எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பாரத்தை இரண்டுபேருமாக வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் ஏன் ஒளித்தீர்கள்? அன்றைக்கு நான் பெட்டிக்கு முன்னால் நடந்தேன், நீங்கள் பின்னால் வந்தீர்கள். என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்த உங்களுக்கு என்ன கேட்டது? அந்த எஞ்சினியரின் ஊர்ச் சனம் கைகோத்து நின்றதா? அவர்களுடைய கடலும் பிள்ளைகளை எடுத்திருக்கும்தானே. ஆட்டத்துக்குக் கட்டிய பாட்டுக்குள் இவ்வளவு அழுகையை ஆர் வைத்தது?

மூன்று நாள் மச்சாளின் பக்கம் போகவில்லை. ஷாரனுக்குச் சமாதானம் சொல்ல வேறு பாட்டுத் தேடினேன். நான்காம் நாள் உச்சி வெயிலில், குடையும் இல்லாமல், மச்சாள் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை.

"பிள்ளை வந்திறங்கியிட்டாள்" என்றா. "என்ரை மடியிலை படுத்துக்கொண்டு அந்தப் பாட்டை வாய்க்குள்ளை பாடுறாள். ரெஜி செத்தாப்பிறகு பிறந்த பிள்ளை, அவளுக்கு ஒண்டும் தெரியாது. அவர் கிணத்தடியிலை ஒளிச்சு நிண்டு போனிலை வாசிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவர். பொத்திப் பொத்தி வைச்சிருந்தது நான்தான் அந்தோனி. அவர் எப்பவோ குடுத்திட்டார்."

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"ஊது. நான் உனக்குப் பக்கத்திலைதான் நிப்பன். நான் அழுதால் நிப்பாட்டிப் போடாதை."

அண்ணை, எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று முழுக்க ஊதிப் பார்த்தேன். தொடக்கம் வேகமாக வருகிறது. நாலாவது வரிக்குள் மூச்சுத் தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது, கால் பெட்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிடுகிறது. பிலிப்பு வேறு, "சனம் பெட்டி எங்கையெண்டு தேடப்போகுது, முன்னுக்குச் சுவாமியாரை நிப்பாட்டி வை" என்று பகிடி விடுகிறான். எங்கள் சனம் உண்மையில் என்ன செய்யும்? அந்தப் பாட்டோடு தங்கள் ஆட்களைக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் கோயில் முற்றத்தில் நிற்பார்கள். ஏசுவார்களா, விலகிப் போவார்களா? தெரியாது. கேட்பவர்களுக்கு, பிழை என்னுடையது, பாட்டு அண்ணையுடையது என்று நானே சொல்வேன்.

சனிக்கிழமை ஷாரன் வாசலுக்கு வரும்போது ஊதுவேன். வேகம் வந்தாலும் வராவிட்டாலும் ஊதுவேன். மச்சாள் என் பக்கத்தில் நின்று அழுவா. நிறுத்தமாட்டேன், அண்ணை.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தம்பி
அந்தோனி