குழாயில் நீங்கள் போட்ட துளை

பைப் ஒட்டும் பசையின் மணம் காலையிலிருந்து வளவெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் எனக்கென்று கட்டும் சின்ன வீட்டில் குசினிக் குழாய் பூட்டுகிறார்கள். மணம் மூக்கில் ஏறியதும் என் வாய் பழக்கதோஷத்தில் திட்டத் தொடங்கிவிட்டது. "திரும்பவும் மீன்தொட்டியா? உங்களுக்கு வேற வேல இல்லையா?" வேலைக்கு வந்தவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் திட்டியது உங்களை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் மௌத்தாகிப் பதினாலு மாதம். உங்களோடு சண்டை பிடிக்காமல் எனக்கு வாயே கசந்து கிடக்கிறது.

நீங்கள் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வாப்பா எனக்குக் கொடுத்த வீடு இது. அதை நீங்கள் ஒருநாளும் மறந்ததில்லை, நான் மறக்க விட்டதும் இல்லை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுச்சுவரில் மீன்தொட்டி வைக்கும் ஆசை பிடித்தபோது, கையில் உளியோடு என் முன்னால் வந்து நின்றீர்கள். "உங்கட ஊடு. நீங்க ஓம் எண்டாத்தான் சுவருல கை வைப்பன்." மூன்று மாதம் இல்லை என்றேன். நாலாம் மாதம் அலுத்துப்போய் "என்னவும் செய்யுங்க" என்றேன். மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்த கையோடு சுவரை உடைத்தீர்கள்.

வயல் செய்கிறவருக்கு எல்லாமே வயலும் குளமும்தான். மேல்தொட்டியின் மூலையில், சீப்புப் பல்லாக வெட்டிய கண்ணாடியை ஒட்டி ஒரு சிறு அறை செய்தீர்கள். தொட்டியில் நிறைகிற தண்ணீர் அந்தப் பல்லிடுக்கால் வழிந்து, குழாயில் இறங்கி, குசினி அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் போகும். அங்கே பஞ்சில் அழுக்கு அரிபட்டதும் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். "குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற வான் மாதிரித்தான் புள்ள இது. மேல எவ்வளவு வந்தாலும் வான் பாஞ்சு போயிரும். தண்ணிக்கு வழி விட்டா அது நம்மளோட சண்டைக்கு வராது" என்றீர்கள். எனக்கு வழி விடாதபடியால்தான் நான் சண்டைக்கு வருகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பிறகு சத்தம். மேலே ஏறும் தண்ணீர் தொட்டியில் சளசளவென்று விழ, எனக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. ஒன்றில் மீன் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தண்ணீர் ஏறும் குழாயின் வாயை நீட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறக்கினீர்கள். சத்தம் அடங்கியது. அதன் பிறகு, அதே குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டீர்கள். கீழ்த்தொட்டிக் கண்ணாடியில் சிவப்பு மையால் இரண்டு கோடும் இழுத்தீர்கள். ஏன் என்று விளக்க வந்தபோது, "மீன்ட கதைய எனக்கிட்டக் கதைக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, ஓர் ஈர்க்கை ஒடித்துக்கொண்டு அந்தத் துளையைக் குத்துவீர்கள். பாசி அடைத்துவிடுமாம். "பைப்புக்குப் பல்லுக் குத்துறீங்களா?" என்று கேட்பேன். "ஓம், அதுக்கும் பல்லு இரிக்கி" என்பீர்கள். பதினொரு வருடம் இதே கேள்வி, இதே பதில்.

நீங்கள் போன பிறகு மீனுக்குத் தீன் போட்டேன், பஞ்சைக் கழுவினேன், கீழ்க்கோடு வரைக்கும் தண்ணீர் விட்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மேல்கோடு எதற்கென்று தெரியாது. துளையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூன்று கிழமைக்கு முன் அட்டாளைச்சேனையிலிருந்து, மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கலியாணத்தோடு இந்த வீடு மகளுக்கு, நான் பின்வளவுக்கு. வாப்பாவும் உம்மாவும் எனக்கு விட்டுப்போன மாதிரித்தான். மகளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாக யன்னல் கம்பியைக்கூடத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் தொட்டியைத் துடைக்கப் போனேன். குழாயிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் பீறி, கண்ணாடியெல்லாம் வெள்ளைக் கறை. உங்கள் துளை பழுதாகி ஒழுகுகிறது என்று நினைத்தேன். பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து, அந்தத் துளைக்கு மேலே இறுக்கிச் சுற்றிவிட்டேன். ஒழுக்கு நின்றது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கையில் வட்டிலப்பத்தோடு இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்க, கரண்ட் போனது. காற்றாடி நின்றது. கதை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குசினிப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது. நிலத்தில் பரவி, பாய்க்கு அடியால் ஊர்ந்து, அவருடைய அபாயாவின் ஓரத்தை நனைத்தது. அலுமாரிக்குள் கீழ்த்தொட்டி நிரம்பி வழிய, மேல்தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் வற்றி, மீன்களெல்லாம் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மகள் துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவர் எழுந்து நின்று அபாயாவைப் பிழிந்தார். "ராத்தா, ஊடு நல்ல ஊடு. ஆனா கலியாணத்துக்கு முந்தி இதக் கழட்டிருவீங்கதானே?"

பதினொரு வருடமாக நான் உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. இப்போது எனக்காக வேறொருவர் கேட்கிறார். ஓம் என்றால் முடிந்தது. மகள் ஈரத்துணியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் குழம்பினால் அவள் மனம் என்னாகும் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல ராத்தா" என்றது என் வாய். "இது இவட வாப்பா செஞ்சது. அவர்ட வேலையில பிழ இல்ல. தண்ணி வந்தது என்ட பிழ."

அது பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். பிழை உங்களுடையதென்று மனதுக்குள் முழுசாக நம்பிக்கொண்டு, அயலாள் ஒருத்தி உங்களைக் குறை சொல்லக் கூடாதென்பதற்காகச் சொன்ன பொய். உங்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அவர்கள் போய், கரண்ட் வந்து, கொட்டியதற்கு ஈடாகக் கீழ்க்கோடு வரை வாளியால் ஊற்றிய பிறகுதான் அந்த வெள்ளை டேப் கண்ணில் பட்டது. அன்று காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போன கதை, எங்கேயோ பாதி விழுந்திருக்கிறது. "கரண்ட் போனா தண்ணி ஏறின வழியாலேயே இறங்கிரும் புள்ள. இந்த ஓட்டையால காத்துப் போனா நிண்டுரும்." டேப்பை உரித்தேன். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவித் துளையைக் குத்தினேன். பயந்து பயந்து பம்பின் சுவிட்சை நிறுத்தினேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது, ஏறியது. மேலே குழாய் ஒரு மிடறு காற்றை இழுத்தது. தண்ணீர் உங்கள் மேல்கோட்டில் வந்து நின்றது.

குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். நான் சொன்ன பொய், பொய்யே இல்லை. என் நித்திரைக்காகக் குழாயைத் தாழ்த்தி, தாழ்த்தியதால் வரும் வெள்ளத்துக்கு வழியையும் செய்து வைத்தீர்கள். அதைத்தான் நான் என் கையாலேயே அடைத்தேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் உம்மா போன் எடுத்தார். "தொட்டி இரிக்கட்டும் ராத்தா. மகனுக்கும் விருப்பம். ஆனா ஆரு அதப் பாக்கிற?"

"நான் பின் ஊட்டுலதானே இரிக்கப் போறன். நான் பாப்பன்" என்றேன்.

அடுத்த மாதம் சாவியை மகளிடம் கொடுத்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். ஈர்க்கை மட்டும் கொடுப்பதாக இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை. பள்ளியில் பாங்கு சொல்வதற்கு முன், குளித்து, தொட்டிக்கு முன்னால் நின்று துளையைக் குத்திக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்று, "என்ன உம்மா, பைப்புக்குப் பல்லுக் குத்துறீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம் புள்ள" என்றேன். "உன்ட வாப்பாட கதைய இப்பதான் கேக்கன்."