வீடு கட்ட எரிந்த விறகு

ராகலை
20.11.2005

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி சுமனும் ஏதோ சுகமாக இருக்கிறோம், குவைத்தில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன்.

புது வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகப் போகிறது. கட்டினவர்கள் சொன்னது பொய்யில்லை, தடித்த சுவர் குளிரை உள்ளே விடுவதில்லை, கூரையில் பதித்த கண்ணாடியால் பகலில் லைட் வேண்டாம், மூன்று கட்டு விறகு எரிந்த இடத்தில் ஒரு கட்டு போதும், அம்மாவின் இருமலும் குறைந்திருக்கிறது. ஆனால் நம் வீட்டோடு கட்டின பத்து வீட்டுக்கும் செங்கல் சுடத்தான் நாம் குடிதண்ணீர் பிடிக்கிற ஊற்றுப் பீலிக்கு மேலே நின்ற சவுக்கு மரங்களை வெட்டினார்கள், கூலிக்கு வெட்டினவர்களில் நானும் ஒருவன். நாம் வரிசை அறைகளில் இருந்த பழைய லயத்தை உடைத்த கல்லையும் மண்ணையும் ஓடையில் தள்ளினார்கள். மாசியில் பீலி வற்றிவிட்டது, அம்மா தோட்டத்தின் கீழ் டிவிசன் வரை குடத்தோடு நடந்தாள்.

சித்திரையில், அடுத்த பத்து வீட்டுக்கு மரம் பார்க்க, நம் வீடுகளைக் கட்டின இஞ்சினியர் சிவதர்சினி வந்தபோது, "வீட்டுக்குள்ள எரியிற வெறகத்தான் எண்ணுறீங்க, வீட்டக் கட்ட எரிஞ்ச வெறக யாரும்மா எண்ணுறது" என்று கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கோபப்படவில்லை, "அதை நாங்கள் யோசிக்கேல்லை ஐயா" என்றாள். மறு வாரமே வேலையை நிறுத்தி, ஓடையில் கிடக்கிற கல்லை எடுத்துச் சுவர் கட்டுவதென்று திட்டத்தை மாற்றினாள். மிச்ச மரம் தப்பியது, வேலை எட்டு மாதம் பின்னால் போனது, அந்த வீடுகளுக்குக் காத்திருக்கிற பத்துக் குடும்பமும் ஒழுகுகிற லயத்தில்தான் மழைக்காலத்தைத் தள்ளுகிறார்கள். அவர்களில் ஒருத்தி காளியாயி, "ஒங்களுக்கு வீடு கெடச்சிருச்சு, இப்ப மரத்து மேல பாசம் வருதோண்ணே" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். போன வாரம் அவள் கைக்குழந்தை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவாறு பிழைத்தது. அதை மறுபடியும் ஈரச் சுவருக்குள் கொண்டுபோகப் பார்த்தாள், நானும் அம்மாவும் போய் அவர்களை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இன்னும் அவள் என்னோடு பேசுவதில்லை. நான் கேட்டது சரியா பிழையா என்று யோசித்தே களைத்துவிட்டேன் மகளே.

வெயிலில் வெறும் தலையோடு போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாரித்தாயி உன்னை எப்போதும் காப்பாள். ஒன்று சொல்ல வேண்டும், நீ வந்து படுக்க என்று யாரையும் விடாமல் வைத்திருந்த அறையைத்தான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். கோவிக்காதே. குழந்தை இருமாமல் தூங்குகிறது.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சிவசாமி